கையெழுத்து இல்லாத கார்டு

மகனே,

போன வாரம் நீ போனில் கேட்டதற்கு அப்போதே பதில் சொல்லாமல், "எழுதி அனுப்பறேன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். நீ சிரித்தது எனக்குக் கேட்டது. எனக்கும் சிரிப்புத்தான் வந்தது. உன்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது கட்டைவிரலை மையில் தோய்த்தவன், இன்று உனக்கு எழுதி அனுப்புகிறேன் என்கிறேன். எழுத்து என் கைக்கு வந்து இன்னும் ஒரு வருடம் நிறையவில்லை. நான் ஒரு வரியை முடிப்பதற்குள் உன் அம்மா உலை வைத்து அரிசியையும் போட்டுவிடுகிறாள். 'ழ' வரும் இடத்தில் கை கொஞ்சம் நின்று யோசித்துவிட்டுத்தான் சுழிக்கிறது. அதனால் என்ன, எனக்கு அவசரம் இல்லை. ஒவ்வொரு எழுத்தும் வரும்போது உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வருகிறதே, அதைச் சீக்கிரம் முடித்துவிட மனசில்லை. சிதம்பரம் பஸ் நிலையத்தில் போய் நின்றுகொண்டு பஸ்களின் நெற்றியை மட்டும் படித்துவிட்டுத் திரும்பி வருகிறேன். சீர்காழி, லால்பேட்டை, காட்டுமன்னார்கோயில். கண்டக்டர் கத்தினால்தான் எனக்கு ஊர் என்று இருந்த காலம் போய்விட்டது. வீட்டில் எண்ணெய் பாக்கெட்டையும் தீப்பெட்டியையும் நான் உரக்கப் படிப்பதைப் பார்த்து உன் அம்மா, "அந்தக் காலத்துல பேசாத மனுசன் இப்ப தீப்பெட்டிகூட பேசறாரு" என்று பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

நீ கேட்டது சின்னக் கேள்விதான். "அப்பா, நான் வீடு வாங்க லோன் போடறேன். உபயோகிக்காத கிரெடிட் கார்டு எல்லாத்தையும் முதல்ல மூடுங்கன்றாங்க. என் கணக்குல உங்க பேர்ல ஒண்ணு குடுத்திருக்கனே, அந்தக் கணக்கை உங்களுக்காகத்தான் வெச்சிருக்கேன். நான் அதைத் தொடறதே இல்ல. நீங்களும் ஒரு தடவகூடத் தேய்க்கல. மூடிடட்டுமா, வெச்சுக்கறீங்களா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க." இவ்வளவுதான் நீ கேட்டாய். உனக்கு அது பெங்களூரில் ஒரு போன் பேசி முடிக்கிற வேலை. எனக்கு அந்தக் கேள்வி, முன்னாலும் போக முடியாமல் பின்னாலும் வர முடியாமல் ஒரு சந்தில் வண்டி மாட்டிக்கொண்ட மாதிரி ஆகிவிட்டது. ஏன் என்று சொல்கிறேன். எல்லாவற்றையும் சொன்னால்தான் நான் கடைசியில் கேட்கப்போவது உனக்குப் புரியும்.

அந்தக் கார்டை நீ கொடுத்த நாள் உனக்கு நினைவிருக்கிறதா என்று தெரியவில்லை. நீ வேலைக்குப் போய் இரண்டு தீபாவளி முடிந்திருந்தது. நீ இங்கே படிக்க வந்தபோதே நாங்களும் கடலூர் முதுநகரை விட்டுச் சிதம்பரத்துக்கு வந்து, உன் அம்மா காலேஜ் பையன்களுக்குச் சாப்பாடு போட்டுக்கொண்டிருந்தாள். நான் மட்டும் தினமும் பஸ் ஏறி முதுநகர் ரயிலடிக்குப் பக்கத்தில் இருக்கிற உரக் கிடங்கில் மூட்டை இறக்கிவிட்டு வந்தேன். நீ வேலைக்குப் போனதும் அதை நிறுத்தச் சொன்னாய். நிறுத்தினேன். அடுத்த முறை வந்தபோது ஏதோ ஒரு தாளில் என் கட்டைவிரலை உருட்டி வாங்கிக்கொண்டு போனாய். அதற்கடுத்த முறை இந்தக் கார்டைக் கொண்டுவந்து என் உள்ளங்கையில் வைத்தாய். "தடவிப் பாருங்கப்பா, உங்க பேரு" என்றாய். இங்கிலீஷ் எழுத்து. எனக்கு அன்றைக்குத் தமிழே தெரியாது. ஆனால் மேடாக இருந்த அந்த எழுத்தின் மேல் விரலை ஓட்டியபோது உடம்பு சிலிர்த்தது உண்மை. உன் அம்மா அதை வாங்கி, பீரோவில் அவளுடைய கல்யாணப் புடவையின் மடிப்புக்குள் வைத்தாள். இன்றைக்கும் அது அங்கேதான் இருக்கிறது. பழையது காலாவதியாகிப் புதியது தபாலில் வந்தபோதும் அதே மடிப்பில்தான் போனது. "பணம் கெடக்குது விடுங்க. இது உள்ள இருந்தா புள்ள பக்கத்து ரூம்ல இருக்கற மாதிரி இருக்குது" என்பாள். மூடிவிடலாமா என்று நீ கேட்டதை அவளிடம் சொன்னதும், கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தாள்.

உன் அம்மாவின் பார்வை மட்டும் என்றால் சமாளித்திருப்பேன். உன் அத்தை வீட்டு விஷயம் ஒன்று இருக்கிறது.

கார்டு வந்த புதிதில் நான் ஒரு தப்புச் செய்தேன். சந்தோஷத்தில் அதை முதுநகருக்கு எடுத்துக்கொண்டு போய் உன் அத்தையிடம் காட்டினேன். என் கூடப் பிறந்தவள் அவள் ஒருத்திதானே, அவளிடம் காட்டாமல் யாரிடம் காட்டுவது. உன் மாமா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மச்சான், இத வெச்சுக்கிட்டு கடைக்குப் போனா என்னா வேணா எடுக்கலாமாமே" என்றார். அடுத்த வாரமே கடலூரில் ஒரு கடைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனார். ஒரு ஃப்ரிட்ஜ் பிடித்துப்போய், அதன் கதவைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். மாசாமாசம் கொடுத்துவிடுவதாகச் சொன்னார். எனக்கு வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. வரும் வரும் என்று கல்லாப்பெட்டி வரைக்கும் போய்விட்டோம். அங்கே இருந்த பெண் கார்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "பின்னாடி சைன் பண்ணலியே சார், இதுல ஒரு சைன், அப்பறம் பில்லுல ஒரு சைன் போடுங்க" என்று பேனாவை நீட்டினாள். நான் பேனாவை வாங்காமல் கட்டைவிரலை நீட்டினேன். அந்தப் பெண்ணால் சிரிப்பை அடக்க முடியவில்லை. "ஐயோ, இதுக்கு ரேகை எல்லாம் எடுக்க மாட்டாங்க தாத்தா!" உன் மாமாவின் முகம் சுருங்கிவிட்டது. கடையில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். வெளியே வந்தபோது நான் தலையைக் குனிந்துகொண்டுதான் வந்தேன். ஆனால் தலை குனிந்திருந்த எனக்குள் அப்பாடா என்று ஒரு மூச்சு வந்ததே, அதை அன்றைக்கு யாரும் பார்க்கவில்லை.

அந்த மூச்சு எனக்குப் பழகிவிட்டது. அதற்குப் பிறகு யார் கார்டைப் பற்றிப் பேச்செடுத்தாலும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவேன். "நான் கைநாட்டு. என்கிட்ட அது இருந்து என்னா, இல்லாட்டி என்னா?" தெருமுனையில் சீட்டு பிடிக்கிறவர் கேட்டார், கட்டைவிரல். உன் அம்மாவின் தம்பி செல்போன் வாங்க வேண்டும் என்றார், கட்டைவிரல். எல்லோரும் சிரித்துவிட்டுப் போனார்கள். யாருக்கும் வருத்தம் இல்லை, எனக்கும் இல்லை. படிக்காதவன் என்பதற்காக இத்தனை காலம் எங்கெல்லாமோ கூனிக்குறுகி நின்றவன், அதையே ஒரு வேலியாகப் போட்டுக்கொண்டு உள்ளே சௌகரியமாக உட்கார்ந்துவிட்டேன். யாரையும் வேண்டாம் என்று சொல்ல வேண்டிய தேவையே எனக்கு வரவில்லை. கட்டைவிரலே என் சார்பில் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தது.

பிறகு, நான் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டேன். நம் தெருவில் மகளிர் குழுக் கட்டடத்தில் மத்தியானம் ஒரு வகுப்பு நடக்கிறது. அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வுபெற்ற மேரி சிஸ்டர் நடத்துகிறார். குழுவில் லோன் வாங்கும் பெண்கள் கையெழுத்துப் போடப் பழகுவதற்காக ஆரம்பித்தது. உன் அம்மாவுக்குத் துணையாகப் போய் வாசலில் உட்கார்ந்திருந்தவனை அவர்தான் உள்ளே கூப்பிட்டார். "வெளிய உக்காந்து கொட்டாவி விடறதுக்கு உள்ள வந்து அ-னா எழுதுங்களேன்." பெண்களுக்கு நடுவில் நான் ஒருத்தன்தான் ஆம்பளை. "தாத்தா, ஸ்லேட்ட மறைக்காதீங்க, நான் பாத்துதான் எழுதறேன்" என்று பக்கத்தில் இருப்பவள் சீண்டுவாள். உன் அம்மா பத்து நாள் வந்துவிட்டு, கண் வலிக்கிறது என்று நின்றுவிட்டாள். நான் நிற்கவில்லை. என் பெயரை முதல் முறை முழுசாக எழுதிய அன்றைக்கு மேரி சிஸ்டர் எல்லோருக்கும் கடலைமிட்டாய் வாங்கிக் கொடுத்தார். நான் அந்தக் காகிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வரும் வழியில் எத்தனை முறை எடுத்துப் பார்த்தேன் என்று கணக்கே இல்லை. இந்த வயதில் அப்படி ஒரு சந்தோஷம் வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். வேலி சாய்ந்துகொண்டிருப்பது எனக்கு அப்போது தெரியாது.

உன் அத்தை மகள் அமுதாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது உனக்குத் தெரியும். புயலில் உன் மாமா குத்தகைக்கு எடுத்திருந்த முந்திரித் தோப்பு அடியோடு சாய்ந்ததும் தெரியும். அந்த மனுஷன் ஒரு வாரம் தோப்பிலேயே, விழுந்த மரத்தின் மேல் உட்கார்ந்திருந்தார். வீட்டுக்கு வாங்க என்று நான்தான் போய்க் கையைப் பிடித்து அழைத்து வந்தேன். அதனால் அவரைப் பேராசைக்காரர் என்று நினைத்துவிடாதே. மாப்பிள்ளை கம்மாபுரம் பக்கம். நல்ல பையன்தான். வீட்டில் இருப்பவர்கள் ஒரு பைக் வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். பத்திரிகை அச்சடிப்பதற்கு முன் ஒரு நகல் எடுத்துக்கொண்டு உன் அத்தையும் மாமாவும் நம் வீட்டுக்கு வந்தார்கள். பெண்ணின் தாய்மாமன் பெயர் சரியாக இருக்கிறதா என்று என்னிடம் காட்டிவிட்டுத்தான் அடிக்கக் கொடுக்க வேண்டும் என்பது உன் அத்தையின் ஆசை. நான் அதைக் கையில் வாங்கி, மேலிருந்து கீழ் வரை உரக்கப் படித்தேன். சாமி பெயர், பெண் பெயர், மாப்பிள்ளை பெயர், மண்டபம். கடைசியில் 'தாய்மாமன்' என்று போட்டு என் பெயர். அச்சில் என் பெயரை நானே படித்தது அதுதான் முதல் தடவை. உன் அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எங்கண்ணன் படிக்குதுங்க, பாருங்களேன்!" எனக்குத் தலைகால் புரியவில்லை. பேனாவை எடுத்து, அச்சடித்த என் பெயருக்குப் பக்கத்திலேயே, "இதோ பாரு, இப்படித்தான் இருக்கணும்" என்று என் கையெழுத்தையும் போட்டுக் காட்டினேன்.

உன் மாமா நிமிர்ந்து பார்த்தார். "அட! மச்சான் கையெழுத்தே போடறாரு." பிறகு அவர் மெதுவாக, "அப்பறம் என்னா மச்சான். அந்தக் கார்டு அப்படியேதான இருக்குது?" என்றார்.

மகனே, நான் மாட்டிக்கொண்டது அந்த இடத்தில். கட்டைவிரலைத் தூக்கிக் காட்டலாம் என்றால், அதே கையில் பேனா இருக்கிறது. உன் மாமா பேசிக்கொண்டே போனார். "வண்டிய மட்டும் அதுல தேச்சி எடுத்துட்டா போதும். மத்தது நான் பாத்துக்கறேன். தோப்பு மறுபடி தழைச்சுதுன்னா மாசாமாசம் கரெக்டா குடுத்துடுவேன்." முந்திரி புதிதாக வைத்துக் காய்க்க எத்தனை வருடம் ஆகும் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். உன் அத்தை தரையைப் பார்த்துக்கொண்டே ஒன்று சொன்னாள். அதை உனக்கு எழுதலாமா வேண்டாமா என்று இத்தனை நாளாக யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். "பொண்ணத்தான் வேணான்னுட்டீங்க. ஒரு வண்டியாச்சும் எடுத்துக் குடுங்கண்ணே."

அமுதா பிறந்த அன்றே அவளை உனக்கென்று உன் அத்தை நினைத்துக்கொண்டாள். முறைப் பெண். யாரும் பேச்சாகப் பேசவில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும். நீ வேலைக்குப் போன பிறகு நான் மெல்லக் கேட்டபோது, "அவ எனக்குத் தங்கச்சி மாதிரிப்பா" என்றாய். இப்போது உன்னோடு வேலை செய்யும் பெண்ணைக் கட்டிக்கொள்ளப் போகிறாய். எனக்கும் உன் அம்மாவுக்கும் அதில் நிறைவுதான். உன் அத்தையும் அன்றைக்கு ஒரு வார்த்தை சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வாயைத் திறக்காமல் உள்ளே வைத்துக்கொண்டாள். அது இந்தக் கார்டு வழியாக வெளியே வந்தது. நான் "புள்ளயக் கேட்டுச் சொல்றேன்" என்று அப்போதைக்குச் சொல்லி அனுப்பினேன். அது பொய். உன்னைக் கேட்பதாக எனக்கு எண்ணமே இல்லை. கேட்டால் நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். "எடுத்துக் குடுங்கப்பா, நான் கட்டிடறேன்" என்பாய். முகம் சுளிக்காமல், உன் வீட்டு லோனையும் ஓரமாக வைத்துவிட்டுக் கட்டுவாய். அதனால்தான் கேட்கவில்லை.

அதற்கு மறுநாள்தான் நீ போன் செய்து, மூடிவிடட்டுமா என்று கேட்டாய். உன் அம்மா என்னைவிடத் தெளிவாக யோசித்தாள். அவளுக்குக் கார்டை விட மனசில்லை, ஆனாலும் சொன்னாள். "அவன்கிட்ட மூடச் சொல்லிடுங்க. பேங்க்காரன் மூடிட்டான்னு நாத்தனார்கிட்ட சொல்லிடலாம். யார் மேலயும் தப்பு இல்ல." எவ்வளவு லேசான வழி. எனக்கு மறுபடியும் அந்த அப்பாடா என்ற மூச்சு வந்தது. போனை எடுத்துவிட்டேன். உன் பெயரைத் தேடிப் படித்து, பொத்தானை அமுக்க விரலைக் கொண்டுபோனேன். கொண்டுபோனது கட்டைவிரல். அதைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது. இதுவும் அதே வேலைதானே என்று தோன்றியது. முன்பு கடைக்காரப் பெண் எனக்காக வேண்டாம் என்று சொன்னாள். இப்போது பேங்க்காரன் சொல்லப் போகிறான். நான் மட்டும் எப்போதும் நல்லவன். உன் அத்தை, கொடுக்க முடியாத அண்ணன் என்று என்னை மன்னித்துக்கொண்டே சாகும் வரைக்கும் இருப்பாள். நானும் அந்த மன்னிப்பை வாங்கிக்கொண்டு அவள் வீட்டில் டீ குடிப்பேன். மூடினால் நான் ஏமாற்றுக்காரன். மூடாமல் கையெழுத்துப் போட்டால் நீ வாழ்க்கையெல்லாம் அமுதாவுக்குத் தவணை கட்டுகிறவன். மூடாமலும் போடாமலும் இருந்தால் நான் ஒவ்வொரு நாளும் வாசலில் யார் செருப்புச் சத்தம் கேட்டாலும் உன் மாமாவோ என்று பயப்படுகிறவன். இரண்டு நாள் வீட்டுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்தேன். படிக்க எழுத்துக் கிடைத்தும் படிக்கப் பிடிக்கவில்லை.

கல்யாணம் செய்துகொள்ளப் போகிற உனக்கு இதில் ஒன்று சொல்ல வேண்டும். நீ அமுதாவை வேண்டாம் என்று சொன்னதில் ஒரு குற்றமும் இல்லை. ஆனால் அதற்காக உனக்குள் ஒரு உறுத்தல் இருப்பதை நான் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு தீபாவளிக்கும் நீ அவளுக்கு அனுப்பும் புடவை உன் அம்மாவின் புடவையைவிட உசத்தியாக இருக்கும். வேண்டாம் என்று சொன்னதற்கு விலை கொடுக்க ஆரம்பித்தால் அதற்கு முடிவே கிடையாது, மகனே. கொடுக்கக் கொடுக்க, வாங்குகிறவர்களுக்கும் நாம் ஏதோ தப்புச் செய்துவிட்டோம் என்று உறுதியாகிவிடும். நாளைக்கு உன் வீட்டுக்காரியிடமும், உனக்குப் பிறக்கப் போகும் பிள்ளையிடமும், முடியாததை முடியாது என்று நேராகச் சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்திரு. எழுந்து ஓடாதே. உன் அப்பன் அதை இந்த வயதில்தான், இந்த வாரம்தான் பழகினான்.

நேற்றுக் காலையில் கார்டைப் புடவை மடிப்பிலிருந்து எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு முதுநகருக்குப் போனேன். உன் அம்மா, "அத எதுக்கு எடுத்துக்கிட்டுப் போறீங்க?" என்று பதறினாள். "இல்லன்னு சொல்லக் கூடாதில்ல, அதுக்குத்தான்" என்றேன். பஸ்ஸில் வழியெல்லாம் வரும் பெயர்ப் பலகைகளில் ஒன்றைக்கூட நான் படிக்கவில்லை.

உன் அத்தை என்னைப் பார்த்ததும் சிரித்த முகமாக எழுந்து வந்தாள். நான் கையோடு கார்டு கொண்டுவந்திருக்கிறேனா என்றுதான் உன் மாமா கண்ணாலேயே கேட்டார். கார்டை எடுத்து ஸ்டூலின் மேல் வைத்தேன். "மாப்ள, கார்டு இருக்குது. மூடல. எனக்குக் கையெழுத்தும் போடத் தெரியும். ஆனா போட மாட்டேன்" என்றேன்.

"புள்ள வேணான்னுட்டானா?"

"புள்ளயக் கேக்கவே இல்ல. நான்தான் வேணாங்கறேன்."

"உங்க பேர்ல இருக்கற கார்டு. உங்க கையெழுத்து. இதுல என்னா கஷ்டம் மச்சான் உங்களுக்கு?"

"பேரு மட்டுந்தான் மாப்ள என்னுது. நான் இதுல போட்டா மாசாமாசம் உங்ககிட்ட வந்து கேக்கற ஆளா ஆயிடுவேன். கேக்கவும் எனக்கு வாய் வராது. கேக்காமயும் இருக்க முடியாது. அப்பறம் இந்த வீட்டுக்கு நான் எப்படி வர்றது? தாய்மாமன் செய்ய வேண்டியது எல்லாம் செய்யறேன். பட்டு எடுக்கறேன், தட்டு வரிசை கொண்டாறேன், என் கைக்கு எட்டறது எல்லாம் செய்யறேன். வண்டி எனக்கு எட்டல."

உன் மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "மச்சான் படிச்சிட்டாரு. படிச்சவங்க பேசற மாதிரியே பேசறாரு" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். போகும்போது என் காலில் இடித்துவிடாமல் சுற்றிக்கொண்டுதான் போனார். அது இன்னும் கஷ்டமாக இருந்தது. அமுதா உள்ளே இருந்து டீயைக் கொண்டுவந்து வைத்தாள். "மாமா, அப்பாதான் கேக்குது, நான் கேக்கலன்னு நினைச்சுக்காதீங்க. நானுந்தான் கேக்கறேன். வண்டி இல்லாம போனா அங்க என்னைய ஒரு மாதிரி பாப்பாங்க" என்றாள். அழவில்லை. ஒரு விவரத்தைச் சொல்வது போலத்தான் சொன்னாள். அவள் சொன்னது உண்மை. "தெரியும்மா" என்றேன். அப்போதும் போடுகிறேன் என்று சொல்லவில்லை. வாழ்க்கையில் எத்தனையோ மூட்டை தூக்கியிருக்கிறேன், அந்த டீ டம்ளரை நேற்றுத் தூக்க முடியவில்லை.

கார்டைத் திரும்ப எடுத்துப் பையில் வைக்கும்போது உன் அத்தை பேசினாள். கோபமாகப் பேசவில்லை. சின்ன வயதில் என்னோடு பேசுவாளே, அந்தக் குரலில் பேசினாள். "நீ கைநாட்டா இருந்தப்பயே நல்லா இருந்தண்ணே."

அந்த வார்த்தையோடுதான் பஸ் ஏறினேன். எப்போதும் பஸ் ஸ்டாப் வரைக்கும் வந்து நிற்பவள், வரவில்லை.

அதனால் உனக்கு என் பதில் இது. மூடிவிடு. ஆனால் இப்போது மூடாதே. அமுதா கல்யாணம் முடிந்த மறுநாள் மூடு. உன் லோன் அது வரைக்கும் தள்ளிப்போகும், தெரியும். உன் அப்பனுக்காக அதைப் பொறுத்துக்கொள். இப்போதே மூடிவிட்டால், உன் மாமா நாலு பேரிடம் விசாரித்து, கார்டு செத்துப்போன பிறகுதான் மச்சான் வந்து வேண்டாம் என்று வீரமாகப் பேசினார் என்று நினைப்பார். அப்படி நினைக்க இடம் கொடுக்கக் கூடாது. என்னால் முடியும், இருந்தும் நான் செய்யவில்லை என்பது அவர்களுக்குத் தெரிந்தே இருக்கட்டும். அவர்களுக்கு என் மேல் கோபம் வருவதென்றால் சரியான ஆளின் மேல் வரட்டும், பேங்க்காரன் மேல் வேண்டாம், உன் மேலும் வேண்டாம். இடையில் உன் மாமா உனக்கே போன் செய்தாலும் செய்வார். "அப்பா சொன்னதுதான்" என்று மட்டும் சொல். வேறு ஒன்றையும் சேர்க்காதே. எதையும் அனுப்பாதே.

உன் அம்மாவிடம் கல்யாணத்துக்கு அப்புறம் கார்டு இருக்காது என்று சொல்லிவிட்டேன். "அப்ப அவன இன்னும் நாலு தடவ ஜாஸ்தியா வரச் சொல்லுங்க" என்றாள். அதையும் எழுதச் சொன்னாள், எழுதிவிட்டேன்.

முகூர்த்தத்தின்போது பெண்ணைக் கையைப் பிடித்து மணவறைக்கு அழைத்து வருவது தாய்மாமன்தான். அதை வேறு யாரும் செய்ய முடியாது, செய்ய வேண்டும் என்று எனக்கும் நிறைய ஆசை. நேற்று நான் கிளம்பும்போது, நான் வந்துதான் பெண்ணைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்று உன் அத்தையும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. முந்தின நாளே பட்டுப்புடவையையும் தட்டுகளையும் எடுத்துக்கொண்டு நானும் உன் அம்மாவும் மண்டபத்துக்குப் போய்விடுவோம். மணப்பெண் அறைக்கு வெளியே போய் நிற்பேன். கதவைத் திறந்து அமுதாவின் கையை என் கையில் கொடுப்பார்களா என்று தெரியாது. கொடுக்கும் வரைக்கும் நின்றுகொண்டிருப்பேன்.

அப்பா